பெயருக்கு அர்த்தம் சொல்லாதீர்கள்

1

ஷார்ஜாவில் ரோலா பக்கம் எந்தத் தமிழ் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் எனக்கு லட்டு வந்துவிடும். லட்டுக்குப் பின்னாலேயே ஒரு பிளாஸ்டிக் உறையும் வரும். உள்ளே அப்பா பாஸ்போர்ட்டின் நகல், அம்மா பாஸ்போர்ட்டின் நகல், கல்யாணச் சான்றிதழ், ஆஸ்பத்திரிக் காகிதம் எல்லாம் ஒன்றோடொன்று கசங்கிக் கிடக்கும். "புஷ்பம் சிஸ்டர், நீங்க ஒருக்க பாத்துட்டா நிம்மதி" என்பார்கள். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிரசவம் பார்த்ததைவிட இந்த உறைகளைப் பார்த்ததுதான் அதிகம்.

போன வாரம் எங்கள் வார்டு ஜெயராணிக்குப் பெண் பிறந்தது. லட்டோடு வந்த அவள் புருஷன் உறையை நீட்டாமல் ஒரு கேள்வியை நீட்டினான். "கன்சலேட்டுக்கு எதுக்கு சிஸ்டர் போவணும்? பிள்ள இங்கதான பொறந்திருக்கா. அப்பம் அவ இந்த ஊர்க்காரிதான?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் மகள் பிறந்தபோது ஊரிலிருந்து என் அண்ணன் எழுதிய கடிதத்திலும் இதே கேள்விதான். 'உன் மகள் ஷார்ஜாக்காரி ஆகிவிட்டாள். இனி எங்களையெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?' என்று கேட்டிருந்தான். ஊரில் இருக்கும் உங்களில் பாதிப்பேர் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அப்படி ஒன்றும் இல்லை. இங்கே பிறந்தால் இந்த நாட்டுக்காரி ஆகிவிட முடியாது. பிறந்த ஊர் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளலாம், அதோடு சரி. சரி, இந்தியக்காரியாவது தானாக ஆகிவிடுவாளா என்றால் அதுவும் இல்லை. அப்பாவும் அம்மாவும் நம் தூதரக அலுவலகத்துக்குப் போய், இது எங்கள் பிள்ளை, இந்தியப் பிரஜை என்று பதிந்தாக வேண்டும். அதுவும் பிள்ளைக்கு ஒரு வயது முடிவதற்குள். தாண்டிவிட்டால் காகிதம் டெல்லிக்குப் போகும். அங்கே அது எப்போது யார் மேஜையில் கண் விழிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவரை பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை, ஊருக்கு வர வழியில்லை. பிள்ளை எந்த நாட்டுக்கும் சேராமல் தொட்டிலில் கிடக்கும்.

ஒரு வருஷம் என்றதும் எல்லாரும் ஆறுதலாக மூச்சு விடுவார்கள். நாங்களும் அப்படித்தான் விட்டோம். கடைசியில் எங்கள் கையில் மூன்று நாள்தான் மிச்சம் இருந்தது.

2

முதல் பள்ளம் நம் பெயரிலேயே இருக்கிறது.

நம் ஊரில் ஒரு மனிதனுக்கு ஒரு பெயர், முன்னால் ஒரு எழுத்து. மி. சூசை என்றால் மிக்கேல் மகன் சூசை, அதாவது என் வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்திலும் கோயில் பதிவேட்டிலும் ரேஷன் கார்டிலும் அது போதும். பாஸ்போர்ட்டில் அது போதாது. அந்த ஒற்றை எழுத்தை விரித்து எழுதச் சொல்வார்கள். விரித்தால் உள்ளேயிருந்து அப்பா வெளியே வருவார். வந்தவர் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். அதனால் ஏசி டெக்னீஷியனாக என் வீட்டுக்காரர் இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து கம்பெனியில் அவருக்குப் பெயர் மிஸ்டர் மிக்கேல். தூத்துக்குடிப் பக்கம் ஊரில் வலை பின்னிக்கொண்டிருக்கும் என் மாமனாருக்கு, தன் பெயரைச் சொல்லி யாரோ ஓர் எகிப்து என்ஜினியர் தினமும் திட்டுவது தெரியாது.

எங்கள் கடற்கரையில் பாதிப்பேருக்கு போர்த்துகீசியர் காலத்துப் பட்டப்பெயர் உண்டு. பெர்னாந்து, டி குரூஸ் என்று. அவர்களுக்கு இந்தக் கட்டம் அல்வா சாப்பிடுகிற மாதிரி. எங்கள் வீட்டிலும் பெர்னாந்து இருந்திருக்கிறார். என் மாமனார்தான் இளவட்டத்தில் தமிழ்ப் பற்று முற்றி, "நமக்கு எதுக்குடா வெள்ளக்காரன் பேரு" என்று அதை வெட்டி எறிந்துவிட்டார். பற்று மகனுக்கும் இறங்கியிருந்தது. பிள்ளை பெண் என்று தெரிந்த நிமிஷமே அவர் முடிவு செய்துவிட்டார்.

"கயல்விழி."

"மரியான்னு ஒண்ணு சேத்துக்கிடுவமா?" என்று கேட்டேன்.

"ஞானஸ்நானத்துக்கு மரியா. சர்க்காருக்குக் கயல்விழி. அந்தக் கண்ணப் பாரு புஷ்பம், வேற என்ன பேரு வைக்கச் சொல்லுத?"

பார்த்தேன். பிறந்து சில நிமிஷமே ஆன பிள்ளை. கண்ணே திறக்கவில்லை. ஆனாலும் பெயர் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. கடலோரத்துப் பிள்ளைக்கு மீனின் பெயரில் ஒரு கண் இருந்தால் நல்லதுதானே. எங்கள் கட்டடத்துக்குக் கீழே துணிக்கடை வைத்திருக்கும் மொய்தீன் காக்கா காயல்பட்டினத்துக்காரர். "எங்க ஊர்ப் பேரையே பிள்ளைக்கு வெச்சிட்டியளே" என்று ஒரு பட்டுப்பாவாடைத் துணியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கயல் வேறு, இந்தக் காயல் வேறு என்று நாங்களும் சொல்லிக்கொள்ளவில்லை. துணி நல்ல துணி.

3

ஆஸ்பத்திரிக் காகிதத்தில் பிள்ளைக்குப் பெயர் போடமாட்டார்கள். 'புஷ்பத்தின் பெண் குழந்தை' என்றுதான் இருக்கும். பெயரை அரபியில் டைப் அடித்துப் பிறப்புப் பதிவு அலுவலகத்தில் கொடுத்தால், அரபியிலேயே சான்றிதழ் தருவார்கள்.

நான் படுக்கையில் இருந்தேன். அவர்தான் ரோலாவில் இருந்த ஒரு டைப்பிங் கடைக்குப் போனார். கடையில் இருந்தவர் பெஷாவர்க்காரர், கான் பாய். அன்று அங்கே நடந்ததை முழுசாக என் வீட்டுக்காரர் அவிழ்த்துவிட்டதே பல மாதம் கழித்துத்தான். அதுவும் ஒரே மூச்சில் இல்லை. நான் அதைச் சேர்த்துத் தைத்துச் சொல்கிறேன்.

"நாம்?" என்று கேட்டார் கான் பாய். பெயர் என்ன?

"கயல்விழி."

"கியா?"

"க-யல்-வி-ழி."

கான் பாய் நாலைந்து முறை முயன்று பார்த்தார். டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை முயன்றார். நாக்கு ஒத்துழைக்கவில்லை. கடைசியில் அவர் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டார். "மத்லப் கியா ஹை, பாய்?" அர்த்தம் என்ன?

என் வீட்டுக்காரர் வாழ்நாள் முழுவதும் யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த கேள்வி அது. ஒரு தமிழ்ப் பெயருக்கு ஒரு பெஷாவர்க்காரர் அர்த்தம் கேட்கிறார்! சைட்டில் கற்ற இந்தி முழுவதையும் அவர் அங்கே கொட்டினார். அந்த இந்தியில் வினைச்சொல் கிடையாது. "மச்சி கா ஆங்க், பாய்! பஹுத் அச்சா ஆங்க்! மச்சி மாஃபிக்!" மீன் கண், ரொம்ப நல்ல கண், மீன் மாதிரி என்று தன் கண்ணையே விரித்துக் காட்டி, கையை வாலாட்டி நீந்தவும் விட்டிருக்கிறார்.

"அச்சா, அச்சா! ஸமஜ் கயா!" என்று கான் பாய் முகம் மலர்ந்தார். புரிந்துவிட்டதாம். டைப்ரைட்டர் தடதடவென்று ஓடியது.

வீட்டுக்கு வந்தவருக்குத் தரையில் கால் படவில்லை. "அர்த்தங்கூட கேட்டாரு புஷ்பம் அந்த பாய்! நம்ம ஊர் ஆபீஸ்ல எவனாவது கேப்பானா?"

கொஞ்ச நாளில் சான்றிதழ் வந்தது. அழகான காகிதம், மேலே முத்திரை, வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து. எங்கள் இரண்டு பேருக்கும் அதில் ஓர் எழுத்தும் தெரியாது. எனக்கு ஆஸ்பத்திரி அரபி பேச வரும். எங்கே வலிக்கிறது, வாயைத் திற, மருந்து குடித்தாயா என்பதற்கு மேல் போனால் கையால்தான் பேசுவேன். படிக்க அறவே வராது. ஆனாலும் இரண்டு பேரும் மாறி மாறி அதைத் தடவிப் பார்த்தோம். நம் மகளின் பெயர் இதில் எங்கேயோ இருக்கிறது என்று ஒரு பூரிப்பு.

பூரிப்பு தாங்காமல் என் வீட்டுக்காரர் அன்று சாயங்காலமே அதைக் கொண்டுபோய் லேமினேஷன் செய்துகொண்டு வந்துவிட்டார்.

4

இரண்டாவது பள்ளம் அந்த லேமினேஷன். நம் ஜனங்களுக்கு முக்கியமான காகிதம் என்று ஒன்று கையில் கிடைத்தால் உடனே அதைப் பிளாஸ்டிக்குக்குள் போட்டுச் சமாதி கட்டியாக வேண்டும். எஸ்எஸ்எல்சி புத்தகத்துக்குச் செய்ததையே இங்கேயும் செய்கிறோம். பிறப்புச் சான்றிதழை இங்கிலீஷில் மொழிபெயர்த்து, அதன் முதுகில் ஒரு முத்திரை குத்தி வாங்க வேண்டும். பிளாஸ்டிக்கின் மேல் முத்திரை நிற்காது. அது அப்போது எங்களுக்குத் தெரியாது.

தெரிந்துகொள்ள நேரமும் இல்லை. இங்கே பாஸ்போர்ட் நம் பெட்டியில் இருக்காது, கம்பெனியில் இருக்கும். நம் பாஸ்போர்ட்டை நாமே கேட்டு வாங்கக் கடிதம் எழுத வேண்டும். எழுதினால் கையெழுத்துப் போடவேண்டிய கஃபீல், விசா கொடுத்த முதலாளி, கோடைக்கு வெளிநாடு போயிருப்பார். அவர் வந்தால் என் வீட்டுக்காரருக்கு அபுதாபி சைட்டில் டியூட்டி. வியாழக்கிழமை சாயங்காலம் வந்து சனிக்கிழமை விடியுமுன் போய்விடுவார். நடுவில் அவர் பாஸ்போர்ட்டில் என் பெயரை மனைவி என்று ஏற்றவேண்டும் என்றார்கள். அதற்குக் கோயிலில் எழுதின கல்யாணச் சான்றிதழ் போதாது, அதைப் பதிவு அலுவலகத்தில் பதிந்து அனுப்பு என்றார்கள். அண்ணன் ஊரில் அலைந்து அனுப்பிவைத்தான். இப்படியே மாதங்கள் போயின. கயல் தவழ்ந்தாள். தட்டி நின்றாள். சோபாவுக்கும் கட்டிலுக்கும் நடுவே நடக்கவும் தொடங்கிவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறோம் என்று கடிதம் போட்டு, லீவும் வாங்கி, டிக்கெட்டும் சொல்லியாகிவிட்டது. நவம்பர் கடைசியில் அவளுக்கு ஒரு வயது.

அந்த மாதம்தான் லேமினேஷன் சமாச்சாரம் தெரிந்தது. பிளாஸ்டிக்கைக் கிழியாமல் உரித்துக் கொடுக்க ரோலாவில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கக் கயலை இடுப்பில் வைத்துக்கொண்டு காக்காவின் கடைக்கு இறங்கினேன்.

காக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்தார். குர்ஆன் ஓதிப் படித்தவர், அரபி எழுத்துக் கூட்டி வாசிக்க வரும். "உரிச்சா காயிதம் கிழிஞ்சிடும் தங்கச்சி. புதுசு கேட்டு வாங்குறதுதான் நல்லது" என்றவர், வாசித்துக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றார். திரும்பவும் வாசித்தார்.

"இதுல பிள்ளை பேரு எங்க ஈக்குது?"

"பேருங்குற இடத்துலதான் இருக்கும் காக்கா."

"அங்க வேற என்னமோல்ல ஈக்குது. கண்ணு, மீனுன்னு. ஐன் சமக்கா."

எழுத்து தெரியாவிட்டாலும் அந்த வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ஓபியில் வாரத்துக்கு ஒருவராவது செருப்பைக் கழற்றி, உள்ளங்காலைத் தூக்கிக் காட்டி, "சிஸ்டர், ஐன் சமக்கா" என்பார். அரபியில் அது கால் ஆணி.

கான் பாய் பெயரைத் தட்டவில்லை. அர்த்தத்தைத் தட்டிவிட்டார். கிட்டத்தட்ட ஒரு வருஷமாக என் மகள் இந்தச் சீமையின் பதிவேட்டில் கால் ஆணி என்ற பெயரோடு இருந்திருக்கிறாள்.

துணிக் கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காக்காவுக்கு விஷயத்தைச் சொன்னதும் மனிதர் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கல்லாவில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். கயலும் எங்களைப் பார்த்து, ஒன்றும் புரியாமல், கைதட்டிச் சிரித்தாள். சிரித்து முடித்தபோதுதான் நாள் ஞாபகம் வந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை எல்லா ஆபீஸும் மூடியிருக்கும். சனிக்கிழமை அவளுக்கு ஒரு வயது முடிகிறது. சிரிப்பு அப்படியே வற்றிப்போனது.

அபுதாபிக்குப் போன் போட்டேன். அவர் அன்று ராத்திரியே லீவு சொல்லிவிட்டு வந்து சேர்ந்தார். கதவைத் திறந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"பேரக் கேட்டா பேரச் சொல்லணும். உங்கள உரை எழுதச் சொன்னானா அவன்?"

"அர்த்தம் கேட்டான், சொன்னேன். தப்பா?"

"தப்பான்னா கேக்கியோ? நம்ம பிள்ளைக்குப் பேரு இப்பம் கால் ஆணி!"

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "கால் ஆணியா?" என்று ஒரு முறை மெதுவாகக் கேட்டார். தூக்கத்தில் கிடந்த கயலைப் போய்ப் பார்த்தார். போர்வையை விலக்கி அவள் குட்டி உள்ளங்கால் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பதறிப் பக்கத்தில் போனால் மனிதர் சிரித்துக்கொண்டிருக்கிறார். எவ்வளவு கோபம் வந்தாலும் இந்த மனிதரிடம் ஒரு நாளைக்கு மேல் பிடித்து நிற்க எனக்கு முடிந்ததில்லை. "இனிமே எவன் கேட்டாலும் அர்த்தம் சொல்லக் கூடாது, மாதா மேல ஆணை" என்று மட்டும் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

5

மறுநாள் காலை பிறப்புப் பதிவு அலுவலகத்துக்கு நாலு பேராகப் போனோம். எழுத்து வாசிக்க ஆள் வேண்டுமே என்று காக்கா கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார்.

கவுண்டரில் இருந்தது உள்ளூர்ப் பெண். கறுப்பு அபாயா, கையில் மருதாணி, முகத்தில் கண்டிப்பு. சான்றிதழைப் பார்த்தவள் என்னைப் பார்த்தாள். எட்டிக் கயலின் காலைப் பார்த்தாள்.

"பெயரைக் கேட்டால் வியாதியை எழுதியிருக்கிறீர்களே?" என்றாள் அரபியில்.

எனக்குத் தெரிந்த ஆஸ்பத்திரி அரபியில் கதையைச் சொன்னேன். டைப்பிங் கடைக்காரர் அர்த்தம் கேட்டார், என் புருஷன் சொல்லிவிட்டார், இதுதான் அந்தப் புருஷன் என்று விரலால் காட்டினேன். அவர் மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்பவர் போல அசடு வழிந்துகொண்டு நின்றார். அந்தப் பெண் தலைத்துணியின் நுனியை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். மூடி என்ன பிரயோசனம், தோள் காட்டிக்கொடுத்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரியைக் கூப்பிட்டு அவளுக்கும் சொன்னாள். பின்னறையிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஆபீஸ் முழுக்க ஒரு கல்யாண வீட்டுக் கலகலப்பு.

"சரி, உண்மையான பெயர் என்ன?"

"கயல்விழி" என்றோம் மூன்று பேரும்.

கஷ்டம் அங்கேதான். பாஸ்போர்ட்டில் வரும் இங்கிலீஷ் 'வி' எழுத்துக்கு நேரான எழுத்து அரபியில் கிடையாது, அதற்கு 'ஃப' போட்டுச் சரிக்கட்டலாம். 'ழ'வுக்கு எங்கே போவது? அவள் 'ஸி' என்றாள், 'லி' என்றாள், 'ரி' என்றாள். என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். அவசரத்தில் நிற்கிறோம், எதையாவது போடட்டும் என்று எனக்கு. அந்த மனிதரோ நாக்கை வளைத்து வளைத்து அவர்களுக்கு 'ழ' பழக்கிக்கொண்டிருக்கிறார். மேஜைக்கு மேஜை ஆளுக்கொரு 'ழ' உருண்டது. எதுவும் 'ழ' இல்லை.

காக்காதான் வழி சொன்னார். "நாங்க தமிழ்ல ரமழான்னு எழுதறப்ப என்ன எழுத்துப் போடுறோம்? 'ழ'தானே? அந்த இடத்துல அரபியில என்ன எழுத்து ஈக்குதோ அதையே இங்கேயும் போடச் சொல்லுங்கோ."

நான் அதை அவளுக்குச் சொன்னேன். அந்தப் பெண்ணின் கண் பெரிதாகிவிட்டது. "அது எங்கள் எழுத்து! எங்கள் பாஷைக்கே அந்த எழுத்தின் பெயரைச் சொல்லித்தான் பெருமை பேசுவோம். வேறு யாருக்கும் அது வாயில் வராது என்போம்" என்றாள்.

"எங்களுக்கும் அதே பெருமைதான்" என்றேன்.

அவள் எழுதினாள். காக்கா வாசித்துப் பார்த்துத் தலையாட்டினார். "கயல்ஃபிழின்னு ஈக்குது."

"ஃபியா?" என்று என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"நீங்க கொஞ்சம் பேசாம இருப்பியளா?" என்றேன்.

கீழே இங்கிலீஷ் எழுத்திலும் பாஸ்போர்ட்டில் வரவேண்டிய மாதிரியே எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டு, "புக்ரா" என்றாள். நாளைக்கு வா. பிறந்த தேதி இருந்த இடத்தில் விரலை வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். பிறகு எழுந்து, காகிதத்தைத் தானே கையில் எடுத்துக்கொண்டு, "யல்லா", ஆகட்டும், என்று உள்ளே போனாள். கையெழுத்தோடுதான் திரும்பி வந்தாள். இங்கே எனக்கு எத்தனையோ பேர் எத்தனையோ உதவி செய்திருக்கிறார்கள். அந்த ஒரு நடைக்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். இவ்வளவு பாடுபட்டு வாங்கின அந்த 'ழ', இன்று அதற்குச் சொந்தக்காரியின் வாயில் வருவதில்லை. பள்ளிக்கூடம் போகிறாள், வீட்டுக்குள் வரும்போதே இங்கிலீஷ் முன்னால் வருகிறது. பேர் என்ன என்று கேட்டால், "ஐ ஆம் கயல்விஸி" என்கிறாள். அவள் அப்பா தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் 'வாழைப்பழம்' சொல்லச் சொல்கிறார். அவள் "பனானா" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறாள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவர் விரட்டுவதும் அவள் ஓடுவதும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

6

புதன்கிழமை சாயங்காலமே மொழிபெயர்ப்பும் முத்திரையும் ஆனது. வியாழக்கிழமை காலை ரோலாவில் துபாய்க்கு டாக்ஸி பிடித்தோம். புதுச் சான்றிதழை நான் மடியில் வைத்துக்கொண்டேன். லேமினேஷன் கடையைத் தாண்டும்போது என் வீட்டுக்காரர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

தூதரக அலுவலகத்தில் வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தபோது கயல் அழுது களைத்து என் தோளில் தூங்கிப்போயிருந்தாள். அதிகாரி வடக்கத்திக்காரர், நரைத்த மீசை. காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நான் உள்ளுக்குள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் எத்தனையோ பரீட்சை எழுதியிருக்கிறேன். அப்படி ஒரு படபடப்பு எதிலும் வந்ததில்லை. இந்த மனிதர் ஒரு காகிதத்தைத் திருப்பித் தள்ளினால், நாளை மறுநாள் என் பிள்ளைக்கு நாடில்லை.

அவர் பேனாவை வைத்துவிட்டார்.

"பிள்ளை கயல்விழி சூசை. தகப்பன் சூசை மிக்கேல். தாய் புஷ்பம் ஞானப்பிரகாசம்" என்று இங்கிலீஷில் வாசித்தார். "மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர். இது எப்படி ஒரு குடும்பம்?"

என் வீட்டுக்காரர்தான் முன்னால் வந்தார். அர்த்தம் சொல்லக் கூடாது என்றுதானே சத்தியம், விளக்கம் சொல்லக் கூடாது என்று இல்லையே.

"சார், இவ கயல்விழி. இவளுக்கு அப்பா நான், சூசை. நான் சூசை. எனக்கு அப்பா மிக்கேல். இது என் வொய்ஃப் புஷ்பம். இவளுக்கு அப்பா ஞானப்பிரகாசம். அவ்வளவுதான் சார். தமிழ்நாட்டுல எல்லாருக்கும் அப்பா இருக்காரு."

அதிகாரி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். மீசைக்குள் ஏதோ அசைந்தது. கல்யாணப் பதிவை எடுத்துப் பார்த்தார், பாஸ்போர்ட்டில் என் பெயர் ஏற்றியிருந்த பக்கத்தைப் பார்த்தார். பிள்ளைக்கு வேறு எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டும் இல்லை என்று கையெழுத்துப் போடச் சொன்னார். என் வீட்டுக்காரர் தமிழில் போட்டார். நானும் அழுத்திப் போட்டேன். பெரிய பதிவேடு ஒன்று திறந்தது. அவர் எழுதினார். முத்திரையை மையில் ஒற்றி ஓங்கிக் குத்தினார். அந்தச் சத்தம் எனக்கு எங்கள் ஊர்க் கோயில் மணி மாதிரி இருந்தது.

"முபாரக் ஹோ. உங்கள் மகள் இந்தியப் பிரஜை" என்றார்.

நான் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல், அத்தனை பேர் நடுவில் அழுதேன். இவள் இனி எனக்கு மட்டும் இல்லை, ஒரு நாட்டுக்கே பிள்ளை என்று தோன்றியது. எந்த நாட்டை விட்டுப் பிழைக்க வந்தோமோ அதே நாட்டுக்குச் சேர்ந்தவள் என்று ஒரு முத்திரைக்காக இப்படி ஏங்குவேன் என்று, விமானம் ஏறின அன்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அதிகாரி பதிவேட்டை மூடப் போனவர், பெயரை இன்னொரு முறை பார்த்தார். "அழகான பெயர். மத்லப் கியா ஹை?" என்றார்.

என் வீட்டுக்காரர் உதட்டை இறுக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தார். சத்தியம் செய்த மனிதர். முகம் மட்டும் சிவந்துகொண்டே வந்தது. பதில் தொண்டை வரைக்கும் வந்து நின்று துடிப்பது எனக்குத் தெரிந்தது.

நான்தான் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இங்கிலீஷும் இந்தியும் கலந்து, ஒன்று விடாமல் சொன்னேன். கயல் என்பது ஒரு மீன் சார், நீளமாக, வெள்ளி மாதிரி மின்னும். தண்ணீருக்குள் அது சட்டென்று திரும்பும் பாருங்கள், அந்த மாதிரி கண்ணுக்குத்தான் எங்கள் பாஷையில் இந்தப் பெயர். என் மகளுக்கு அந்தக் கண் இருக்கிறது. நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரர் என்னையே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி எழுந்து கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். பின்னால் இன்னொரு குமாஸ்தாவும் வந்தார். வரிசையில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். எல்லாருக்கும் அந்தக் கண்ணைப் பார்க்க வேண்டும். என் வீட்டுக்காரர் கன்னத்தைத் தட்டினார், நான் உள்ளங்காலைச் சுரண்டினேன். அவள் முகத்தைச் சுளித்து, என் தோளில் இன்னும் நன்றாகப் புதைந்துகொண்டாள்.

"ஸோனே தோ" என்றார் அதிகாரி, குரலைத் தாழ்த்தி. தூங்கட்டும்.

ஒரு வருஷமாக எந்த நாட்டுக்காரியும் இல்லாமல் திரிந்தவள், இந்தியப் பிரஜையான முதல் அரை மணி நேரமும் கண்ணைத் திறக்காமல், வாயை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, அத்தனை பேர் நடுவில் குறட்டை விட்டாள்.